பழுது பார்த்த பின் வரும் அதிர்வு: பழைய பிக்கப் வண்டியின் நோயறியும் முறை

வண்டி ஓட்டிப் பிழைப்பவருக்கு அவருடைய வண்டியே வயல், அதுவே கடை, அதுவே மூலதனம். மும்பையிலும் பெங்களூரிலும் டில்லியிலும் கொல்கத்தாவிலும் வாழும் தமிழர்களுள் பலர் ஒரு பழைய பிக்கப் வண்டியை நம்பியே குடும்பம் நடத்துகின்றனர். விடியற்காலையில் காய்கறிச் சந்தை, பகலில் வீட்டுச் சாமான்கள், மாலையில் மாவு மூட்டைகள் என அந்தச் சிறிய வண்டி ஓயாமல் சுமக்கிறது. அத்தகைய வண்டி ஒரு நாள் நின்றால் அன்றைய வருவாயும் நின்றுவிடும். ஆதலின் அதன் உடல்நலத்தைப் பற்றிச் சிறிது அறிந்து வைத்திருப்பது உரிமையாளருக்கும் ஓட்டுநருக்கும் மிகவும் பயனுள்ளதாகும்.

பழைய வண்டிகளில் அடிக்கடி காணப்படும் ஒரு தொல்லை விந்தையானது. கிளட்சு மாற்றினோம், ஸ்பிரிங் பட்டை மாற்றினோம், அல்லது பின் அச்சில் ஏதோ வேலை பார்த்தோம்; அந்தப் பழுது தீர்ந்தது. ஆனால் மறுநாள் நெடுஞ்சாலையில் ஐம்பது அறுபது கிலோமீட்டர் வேகம் வந்ததும், முன்பு இல்லாத ஓர் அதிர்வு வண்டியின் தரையிலும் இருக்கையிலும் எழுகிறது. பட்டறைக்குத் திரும்பினால் ஒருவர் டயரைக் குறை கூறுவார். மற்றொருவர் ஜாயிண்டை மாற்றச் சொல்வார். மூன்றாமவர் கிரவுன் சக்கரத்தையே கழற்ற வேண்டும் என்பார். மூன்றையும் செய்து முடித்தபின் பணம் போயிருக்கும். அதிர்வு மட்டும் போயிராது. ஊகத்தால் உறுப்புகளை மாற்றுவதே இதற்குக் காரணம். முறையாக ஆராய்ந்தால் பெரும்பாலும் ஒரு பாகைமானியும் ஒரு சாக்குக்கட்டியும் நூறு நூறாகச் செலவாகும் பணத்தைக் காப்பாற்றிவிடும். அந்த முறை யாது என்பதை இங்குக் காண்போம்.

சக்தி செல்லும் வழி

முதலில் வண்டியின் அமைப்பை மனக்கண்ணில் கொண்டுவருவோம். பழைய பிக்கப் வண்டிகளில் எஞ்சின் முன்னே இருக்கிறது. சாலையைத் தள்ளும் சக்கரங்கள் பின்னே இருக்கின்றன. எஞ்சினின் சக்தி கிளட்சின் வழியாகக் கியர் பெட்டிக்குச் செல்கிறது. கியர் பெட்டியிலிருந்து பின் அச்சின் நடுவேயுள்ள டிபரன்ஷியல் கூட்டுக்கு அதைக் கொண்டு செல்வது நீண்ட குழாய் வடிவமான புரொப்பெல்லர் ஷாப்ட். இதனை இனித் தண்டு என்றே குறிப்போம். கூட்டின் உள்ளே பினியன் என்னும் சிறு பற்சக்கரம் கிரவுன் என்னும் பெரிய பற்சக்கரத்தைச் சுழற்ற, சக்கரங்கள் உருளுகின்றன.

கியர் பெட்டி வண்டியின் சட்டத்தோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. பின் அச்சோ ஸ்பிரிங் பட்டைகளின் மேல் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. ஒன்று அசையாதது, மற்றொன்று ஓயாது அசைவது. இவ்விரண்டையும் விறைப்பான ஒரு தண்டால் இணைத்தால் முதற்பள்ளத்திலேயே தண்டு முறிந்துவிடும். இந்தச் சிக்கலைத் தீர்ப்பதே தண்டின் இரு முனைகளிலும் உள்ள யூனிவர்சல் ஜாயிண்ட். இரண்டு கவைகளும், அவற்றை இணைக்கும் சிலுவை போன்ற ஒரு துண்டும், அதன் நான்கு நுனிகளிலும் ஊசி போன்ற உருளைகள் கொண்ட கிண்ணங்களும் சேர்ந்ததே இந்த ஜாயிண்ட். வடநாட்டுப் பட்டறைகளில் இதனைக் ‘கிராஸ்’ என்றே அழைக்கின்றனர்.

இந்த அமைப்பு மிகப் பழமையானது. பதினாறாம் நூற்றாண்டின் இத்தாலிய அறிஞர் கார்டானோவின் பெயரால் ஐரோப்பிய மொழிகள் சிலவற்றில் இது இன்றும் வழங்குகிறது. ஆங்கில விஞ்ஞானி ராபர்ட் ஹூக் 1676இல் இதனை விளக்கி எழுதினார். அமெரிக்காவில் கிளாரன்ஸ் ஸ்பைசர் 1903இல் மோட்டார் வண்டிக்கேற்ற வடிவில் இதற்குக் காப்புரிமை பெற்றார். சங்கிலியால் சக்கரத்தைச் சுழற்றிய பழைய வண்டிகள் மறைந்து, தண்டால் சுழலும் வண்டிகள் பெருகியதற்கு இந்த ஜாயிண்டு பெருந்துணையாயிற்று. வில்லிஸ் ஜீப் வண்டியிலும், 1988இல் டாடா நிறுவனம் வெளியிட்ட டாடாமொபைல் பிக்கப் வண்டியிலும் தண்டும் ஜாயிண்டும் செய்யும் வேலை ஒன்றே.

ஜாயிண்டின் மறைவான குணம்

இந்த ஜாயிண்டுக்கு ஒரு குணம் உண்டு. அதனை அறிந்தவர்க்கே அதிர்வின் இரகசியம் விளங்கும். நேராக இருக்கும்போது அது சீராகச் சுழலும். சாய்ந்த கோணத்தில் சுழலும்போதோ, உள்ளே வரும் சுழற்சி சீராக இருப்பினும் வெளியே செல்லும் சுழற்சி சீராக இராது. ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை வேகம் கூடி, இருமுறை குறையும். கோணம் ஏழு பாகை எனக் கொள்வோம். கியர் பெட்டி நிமிஷத்திற்கு 1,950 சுற்றுச் சுழலுமானால், ஜாயிண்டுக்கு அப்பால் உள்ள தண்டு ஏறத்தாழ 1,935க்கும் 1,965க்கும் இடையே விரைந்தும் தயங்கியும் சுழலும். கண்ணுக்கு இது தெரியாது. ஆனால் வினாடிக்கு அறுபத்தைந்து முறை நிகழும் இந்தத் தயக்கம் வண்டியின் தரை வழியாக உடலுக்குத் தெரியும்.

அப்படியாயின் எல்லா வண்டிகளும் ஏன் அதிர்வதில்லை? முன் ஜாயிண்டு செய்யும் ஏற்றத்தாழ்வைப் பின் ஜாயிண்டு எதிர்மாறாகச் செய்து ஈடுகட்டிவிடுகிறது. இதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. முதலாவது, இரு ஜாயிண்டுகளின் கோணங்களும் சமமாக இருத்தல் வேண்டும். அதாவது கியர் பெட்டியின் அச்சும் பினியனின் அச்சும் ஒன்றுக்கொன்று இணையாக அமைதல் வேண்டும். இரண்டாவது, தண்டின் இரு முனைகளிலும் உள்ள கவைகள் ஒரே தளத்தில் நிற்றல் வேண்டும். இவ்விரண்டில் ஒன்று தவறினாலும் ஈடுகட்டுதல் கெட்டு, அதிர்வு பிறக்கும். பழுது பார்க்கும்போது தவறுவதும் பெரும்பாலும் இவ்விரண்டுமே.

மூன்றாவது காரணம் தண்டின் எடைச் சமநிலை. தண்டைத் தொழிற்சாலையில் சுழற்றிப் பார்த்துச் சிறு இரும்புத் துண்டுகளை ஒட்டிச் சமன் செய்திருப்பார்கள். அத்துண்டு ஒன்று விழுந்துவிட்டாலும், குழாயில் நெளிவு ஏற்பட்டாலும், ஒரு பக்கத்தில் தார் அல்லது சேறு இறுகிவிட்டாலும் சமநிலை குலையும். இருபது கிராம் எடை மையத்திலிருந்து நான்கு சென்டிமீட்டர் தள்ளி அதிகமாக உள்ளது எனக் கொள்வோம். தண்டு நிமிஷத்திற்கு 2,600 சுற்றுச் சுழலும்போது அது ஏறத்தாழ ஆறு கிலோ எடைக்கு ஒப்பான விசையோடு வினாடிக்கு நாற்பத்து மூன்று முறை தண்டை இழுக்கும். வேகம் பாதியானால் அந்த விசை கால் பங்காகக் குறைந்து ஒன்றரைக் கிலோ ஆகிவிடும். நகரத் தெருவில் அமைதியாக இருந்த வண்டி நெடுஞ்சாலையில் நடுங்குவதன் காரணம் இதுவே.

எண்ணிக்கையே சாட்சி

குற்றவாளியைக் கண்டறிய எளிய கணக்கு ஒன்று உண்டு. டயர் ஒரு சுற்று உருள வண்டி எவ்வளவு தூரம் நகர்கிறது என்பதை முதலில் அளந்துகொள்ளுங்கள். சமதரையில் டயரின் அடியிலும் தரையிலும் சாக்குக்கட்டியால் கோடிட்டு, வண்டியை மெல்லத் தள்ளி, அக்கோடு மீண்டும் தரையைத் தொடும் இடம்வரை நாடாவால் அளந்தால் போதும். அப்போதே தண்டிலும் ஒரு கோடிட்டு, அது எத்தனை சுற்றுச் சுற்றியது என்பதை ஒருவர் பக்கவாட்டிலிருந்து குனிந்து எண்ணட்டும். வண்டியின் அடியில் புகுந்து எண்ணுதல் கூடாது.

உதாரணமாக, டயர் ஒரு சுற்றுக்கு 2.1 மீட்டர் உருளுகிறது; அதற்குள் தண்டு 4.1 சுற்றுச் சுற்றுகிறது எனக் கொள்வோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி வினாடிக்கு 16.7 மீட்டர் செல்லும். அப்போது டயர் வினாடிக்கு ஏறத்தாழ எட்டு முறை சுழலும். தண்டு முப்பத்திரண்டு அல்லது முப்பத்து மூன்று முறை சுழலும். ஆகவே அதிர்வு வினாடிக்கு எட்டு முறை வருமானால் டயர், சக்கரம், பிரேக் டிரம் ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும். முப்பத்து மூன்று முறை வருமானால் தண்டின் சமநிலையோ நெளிவோ காரணமாகும். அறுபத்தைந்து முறை, அதாவது தண்டின் சுற்றுக்கு இரண்டு முறை வருமானால், கோணமோ கவைகளின் நிலையோ பிழைபட்டிருத்தல் வேண்டும்.

இவற்றை எண்ணுவது எப்படி என்று நேயர்கள் கேட்கலாம். வினாடிக்கு எட்டு முறை என்பது கண்ணால் காணத்தக்க குலுக்கல்; ஸ்டியரிங்கோ இருக்கையோ ஆடும். முப்பத்து மூன்று என்பது கைகால்களில் உணரும் நடுக்கம். பின்காணும் கண்ணாடியில் உருவம் மங்கும். அறுபத்தைந்து என்பது காதில் விழும் தாழ்ந்த முரல்வு. தேனீக்கூட்டின் அருகே நிற்பது போன்றிருக்கும். இன்னும் திட்டமாக அறிய விரும்புவோர்க்கு, அதிர்வின் எண்ணிக்கையை அளந்து காட்டும் செயலிகள் இன்றைய கைபேசிகளிலேயே கிடைக்கின்றன. கைபேசியை வண்டியின் தரையில் அசையாமல் பதித்துவைத்து, அருகிலிருப்பவர் அதைப் பார்க்கட்டும். ஓட்டுபவர் சாலையை மட்டுமே பார்க்க வேண்டும்.

சாலையில் நான்கு சோதனைகள்

வண்டியைக் கழற்றுமுன் ஓட்டிப் பார்த்தல் வேண்டும். போக்குவரத்துக் குறைந்த நேரான சாலையைத் தேர்ந்துகொள்ளுங்கள். புறப்படுமுன் நான்கு டயர்களிலும் காற்றைச் சரிபார்த்துக்கொள்வது முதற்கடமை.

முதற்சோதனை: அதிர்வு தொடங்கும் வேகத்தையும், மிகுதியாகும் வேகத்தையும், அடங்கும் வேகத்தையும் குறித்துக்கொள்க.

இரண்டாம் சோதனை: அதே வேகத்தில் நான்காவது கியரிலும் ஐந்தாவது கியரிலும் ஓட்டிப் பார்க்க. கியர் மாறினால் எஞ்சினின் சுழற்சி மாறும். தண்டின் சுழற்சியும் சக்கரத்தின் சுழற்சியும் மாறா. சாலை வேகம் ஒன்றாக இருக்கும்வரை அதிர்வும் ஒன்றாகவே இருந்தால் எஞ்சின் குற்றமற்றது. கியர் மாறியதும் அதிர்வும் மாறினால், வண்டியை நிறுத்தி நியூட்ரலில் எஞ்சினை அதே சுழற்சிக்கு உயர்த்திப் பார்க்க. நின்ற இடத்திலும் அதிருமானால் எஞ்சினையும், அதன் தாங்கு ரப்பர்களையும், அண்மையில் கிளட்சு மாற்றியிருந்தால் அதனையும் ஆராய்தல் வேண்டும்.

மூன்றாம் சோதனை: ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போதும், காலை எடுத்து வண்டியைத் தானே ஓடவிடும்போதும் அதிர்வு எவ்வாறு மாறுகிறது என்று கவனிக்க. சுமையை இழுக்கும்போது பினியனின் மூக்கு மேல்நோக்கி எழும்; காலை எடுத்தால் தாழும். ஆகவே இந்த வேறுபாடு கோணப் பிழைக்குச் சாட்சியாகலாம். பினியன் பேரிங் தளர்ந்திருந்தாலும் இவ்வாறு வேறுபாடு தோன்றும் என்பதை மறத்தல் ஆகாது. எடைச் சமநிலைக் குறையோ பெரும்பாலும் வேகத்தை மட்டுமே பொறுத்தது. இச்சோதனையின்போது எஞ்சினை ஒருபோதும் நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் பிரேக்கின் துணைவிசை குறையும். சாவியைத் திருப்பினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும்.

நான்காம் சோதனை: வெறும் வண்டியாகவும், வழக்கமான பாரத்தோடும் ஓட்டிப் பார்க்க. பாரம் ஏறினால் பட்டைகள் தாழ்ந்து தண்டின் சாய்வு மாறுகிறது. பாரத்தால் அதிர்வு கூடினாலும் குறைந்தாலும் கோணத்தை அளப்பது இன்றியமையாததாகிறது. வண்டி புறப்படும்போது மட்டும், அதுவும் பாரத்தோடு, உதறிவிட்டு முப்பது கிலோமீட்டர் வேகத்துக்குள் அடங்கிவிடுமானால், இரண்டு துண்டுத் தண்டுள்ள வண்டிகளில் நடுவேயுள்ள சென்டர் பேரிங்கின் ரப்பரையும் அதன் உயரத்தையும் முதலில் பார்க்க வேண்டும்.

இத்துடன் டயர்களை முன்பின்னாக மாற்றிப் போட்டு மீண்டும் ஓட்டிப் பார்த்தால், டயர் குற்றவாளியா அல்லவா என்பது செலவின்றித் தெரிந்துவிடும். அதிர்வு இடம் மாறினால் டயர். மாறாவிட்டால் தண்டின் பக்கம் செல்லலாம்.

வண்டியின் அடியில்

அடியில் புகுமுன் ஓர் எச்சரிக்கை. ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் வண்டியின் அடியில் செல்லுதல் கூடாது. சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, உறுதியான ஸ்டாண்டுகளின் மேல் வண்டியை அமர்த்திய பின்னரே செல்ல வேண்டும். ஜாக்கி வழுக்கி உயிரிழந்த தொழிலாளர் பலர் என்பதை மறத்தல் ஆகாது.

முதலில் கையால் பார்க்கத்தக்கவை. தண்டைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் ஜாயிண்டுகளில் ஆட்டம் தெரிகிறதா? கிண்ணங்களின் ஓரத்தில் செந்துரு கசிந்துள்ளதா? அது உள்ளே கிரீஸ் வற்றிவிட்டதன் அடையாளம். தண்டைக் கழற்றிய பின் ஜாயிண்டை விரலால் திருப்பினால் வழவழப்பாகத் திரும்ப வேண்டும். இடையில் தடுக்கி நின்றால் ஊசி உருளைகள் சிலுவையில் பள்ளம் பறித்துவிட்டன என்று பொருள். புதிதாகப் போட்ட ஜாயிண்டும் தடுக்கலாம். கிண்ணத்தைச் சுத்தியால் அடித்து ஏற்றும்போது ஓர் ஊசி சாய்ந்துவிடுவதும், பூட்டு வளையம் காடியில் முழுவதும் அமராமையால் சிலுவை மையத்தைவிட்டு விலகி நிற்பதும் அடிக்கடி நிகழும் பிழைகள்.

பிறகு விளிம்புத் தகடுகளின் போல்ட்டுகள் நான்கும் இறுகியுள்ளனவா, தகடுகளுக்கிடையே துருவோ மண்ணோ சிக்கியுள்ளதா என்று பார்க்க. தலைமயிர் அளவு மண் சிக்கினாலும் தண்டு மையம் விலகிச் சுழலும். கியர் பெட்டியின் பின் தாங்கு ரப்பர் அமுங்கியுள்ளதா, பட்டைகளை அச்சோடு பிணைக்கும் யூ போல்ட்டுகள் தளர்ந்துள்ளனவா என்பவற்றையும் பார்த்தல் வேண்டும். தண்டின்மேல் ஒட்டியுள்ள சேற்றையும் தாரையும் சுரண்டிவிடுக. சமன் செய்யும் துண்டு இருந்த இடத்தில் பற்றவைப்பின் வடு மட்டும் தெரிந்தால் அத்துண்டு விழுந்துவிட்டது என்று அறிக.

அடுத்துக் கவைகளின் நிலை. பல தண்டுகளில், நீளம் கூடிக் குறைவதற்காக வரிப்பற்களோடு ஒன்றினுள் ஒன்று நழுவும் இணைப்பு உண்டு. கழற்றி மாட்டும்போது ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டாலும் கவைகளின் தளம் மாறிவிடும். தொழிற்சாலையில் இட்ட அம்புக்குறிகளோ பழைய வண்ணக் கோடுகளோ இருந்தால் அவை நேர்ப்பட நிற்க வேண்டும். இரண்டு துண்டுத் தண்டுகளில் சிலவற்றுக்கு வேறு நிலை வகுக்கப்பட்டிருப்பதும் உண்டாதலின், அவ்வண்டியின் கையேடு கூறுவதே முடிவானது. எதிர்காலத்தில் தண்டைக் கழற்றும்போது, கழற்றுமுன் ஒவ்வோர் இணைப்பிலும் சுண்ணக் கோடோ வண்ணக் கோடோ இடும்படி பட்டறையாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அரை நிமிஷ வேலை அரை நாள் வேலையை மிச்சப்படுத்தும்.

இறுதியாகக் கோணம். கட்டட வேலையில் பயன்படும் ரசமட்டமும், தூக்குக்குண்டு தொங்கும் பாகைமானியும் போதும். கைபேசியின் சாய்வுமானியும் உதவும். வண்டி தன் சக்கரங்களின் மேலோ, பின் அச்சின் அடியில் வைத்த ஸ்டாண்டுகளின் மேலோ தன் முழு எடையோடு அமர்ந்திருக்க வேண்டும். அச்சைத் தொங்கவிட்டு அளந்தால் அளவு பிழைபடும். கியர் பெட்டியின் அச்சு, தண்டு, பினியனின் அச்சு ஆகிய மூன்றின் சாய்வையும் அளந்து எழுதிக்கொள்க. பொதுவான விதி யாதெனில், ஜாயிண்டுகளின் கோணம் மூன்று பாகைக்கு மிகாமலும், இரு முனைகளின் வேறுபாடு ஒரு பாகைக்குள்ளும் இருப்பது நலம். கோணம் முற்றிலும் இல்லாமற் போவதும் நன்றன்று. அரைப் பாகையேனும் இருந்தால்தான் ஊசி உருளைகள் உருண்டு தேய்மானம் பரவும்.

ஓர் உதாரணம்

இவற்றையெல்லாம் ஒரு கற்பனை உதாரணத்தால் கோத்துப் பார்ப்போம். வாஷி மொத்தச் சந்தையிலிருந்து தாராவிக்குக் காய்கறி கொண்டுவரும் ஒரு பிக்கப் வண்டி. கிளட்சு மாற்றினார்கள், உடைந்த ஸ்பிரிங் பட்டை ஒன்றையும் மாற்றினார்கள். மறுநாளே 55 கிலோமீட்டர் வேகத்தில் அதிர்வு தொடங்குகிறது. நான்காவது, ஐந்தாவது இரு கியர்களிலும் மாற்றமில்லை; ஆகவே புதிய கிளட்சும் எஞ்சினும் விடுதலை பெறுகின்றன. டயர்களை இடம் மாற்றியும் பயனில்லை, டயரும் விடுதலை. காலை எடுத்தால் முரல்வு கூடுகிறது. பாரம் ஏற்றினால் குறைகிறது. 60 கிலோமீட்டரில் கைபேசி வினாடிக்கு அறுபத்தைந்து அதிர்வு காட்டுகிறது. தண்டின் சுற்றுக்கு இரண்டு. எனவே எடைச் சமநிலை அன்று, கோணம் அல்லது கவை நிலை.

அடியில் பார்த்தால் கவைகளின் குறிகள் நேராக நிற்கின்றன. ஜாயிண்டுகளிலும் பினியனிலும் ஆட்டமில்லை. எஞ்சியது கோணம். அளந்தால் கியர் பெட்டியின் அச்சு பின்புறம் நோக்கி மூன்று பாகை தாழ்கிறது. தண்டு ஆறு பாகை தாழ்கிறது. ஆகவே முன் ஜாயிண்டின் கோணம் மூன்று. பினியனின் மூக்கு மூன்று பாகை மேல்நோக்கி இருந்திருந்தால் பின் ஜாயிண்டின் கோணமும் மூன்றாக இருந்திருக்கும். ஆனால் அது ஒரு பாகை கீழ்நோக்கி நிற்கிறது. பின் கோணம் ஏழு. நான்கு பாகை பிழை எங்கிருந்து வந்தது? சில வண்டிகளில் பட்டைக்கும் அச்சுக்கும் இடையே ஆப்புப் போன்ற சரிவுத் தகடு ஒன்று உண்டு. இந்த வண்டியில் அது இரண்டு பாகைச் சரிவுள்ளது. பட்டை மாற்றும்போது அதனை முன்பின்னாகத் திருப்பி வைத்துவிட்டார்கள். மேலே தூக்க வேண்டிய இரண்டு பாகை கீழே தாழ்த்துகிறது. இரண்டும் இரண்டும் நான்கு! யூ போல்ட்டுகளைத் தளர்த்தி, தகட்டைத் திருப்பி வைத்து, கையேட்டில் கூறிய இறுக்கத்திற்கு முடுக்கியதும் முரல்வு அடங்கிவிடுகிறது. புதிய உறுப்பு ஒன்றும் வாங்கவில்லை. யூ போல்ட்டுகளைச் சில நாள் ஓட்டியபின் மறுபடியும் இறுக்கிப் பார்த்தல் மட்டுமே எஞ்சிய வேலை.

அதிர்வு சுற்றுக்கு ஒன்று என்று கணக்குக் காட்டியிருந்தால் வழி வேறு. அப்போது டயல் கேஜ் வைத்துத் தண்டின் நடுவிலும் முனைகளிலும் நெளிவை அளக்க வேண்டும். அரை மில்லிமீட்டருக்கு மேற்பட்டால் சந்தேகிக்கத் தக்கது. தண்டின் பின்முனையைப் பினியன் தகட்டில் அரைச் சுற்றுத் திருப்பி மாட்டிப் பார்ப்பது செலவில்லாத வைத்தியம். இரண்டின் சிறு குறைகளும் சில வேளை ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். அதற்கும் அடங்காவிட்டால், தண்டைச் சமன் செய்யும் இயந்திரம் உள்ள பட்டறைக்கு அனுப்புவதே தக்கது.

பட்டறையில் சொல்ல வேண்டியவை

பிற மாநிலத்தில் வாழும் நம்மவர்க்கு மொழியும் ஒரு தடையாதல் உண்டு. ‘வண்டி அதிர்கிறது’ என்று மட்டும் சொன்னால் பட்டறையார் தமக்குத் தோன்றியதைச் செய்வார். ஆதலின் ஐந்து செய்திகளை ஒரு தாளில் எழுதிக் கொண்டு செல்லுங்கள்: அதிர்வு எந்த வேகத்தில் வருகிறது, கியர் மாற்றினால் மாறுகிறதா, காலை அழுத்தும்போதா, எடுக்கும்போதா, பாரத்தோடு கூடுகிறதா, குறைகிறதா, அதற்குமுன் எந்த வேலை பார்க்கப்பட்டது. எண்கள் எந்த மொழியிலும் ஒன்றே. இந்தி வழங்கும் இடங்களில் ஜாயிண்டைக் கிராஸ் என்றும், ஸ்பிரிங் பட்டையைக் கமானி அல்லது பட்டா என்றும் கூறினால் எளிதில் விளங்கும். டில்லி காஷ்மீரி கேட்டிலோ கொல்கத்தா மல்லிக் பஜாரிலோ உறுப்பு வாங்கச் செல்வோர், பழைய ஜாயிண்டைக் கையோடு கொண்டுசென்று, சிலுவையின் நீளத்தையும் கிண்ணத்தின் விட்டத்தையும் ஒப்பிட்டு வாங்குதல் நன்று. ஏறத்தாழப் பொருந்தும் ஜாயிண்டு பொருந்தாத ஜாயிண்டே ஆகும்.

இந்த அதிர்வோடு எத்தனை நாள் ஓட்டலாம் என்று சிலர் கேட்பர். அதிர்வு தன்னோடு நிற்பதன்று. கியர் பெட்டியின் பின் பேரிங்கையும் எண்ணெய் அடைப்பையும், பினியன் பேரிங்கையும் அது நாள்தோறும் தின்றுகொண்டிருக்கும். ஜாயிண்டு முற்றிலும் உடைந்தால் நிலைமை விபரீதமாகும். பின்முனை அறுந்தால் தண்டு தரையில் இழுபட்டுப் பிரேக் குழாய்களை அடித்து முறிக்கக்கூடும். முன்முனை அறுந்தால் அது சாலையில் ஊன்றி, ஓடும் வண்டியையே தூக்கிப் புரட்டக்கூடும். எனவே அதிர்வோடு ‘கிளக், கிளக்’ என்ற ஓசையும் சேர்ந்து, ஜாயிண்டில் ஆட்டமும் தெரிந்தால், அன்றைய வாடகையை எண்ணாமல் வண்டியை நிறுத்திவிட வேண்டும். தண்டைச் சுற்றி முன்புறத்தில் பாதுகாப்பு வளையம் உள்ள வண்டிகளில் அதனைக் கழற்றி எறிதல் கூடாது; பட்டறையில் கழற்றியிருந்தால் மீண்டும் மாட்டப்பட்டதா என்று பார்த்தே வண்டியைப் பெற்றுக்கொள்ளுங்கள்.

சுருங்கக் கூறின், கடைசியாகக் கை வைத்த இடத்தை முதலில் பாருங்கள், கழற்றுமுன் குறியிடுங்கள், வாங்குமுன் அளந்து பாருங்கள். கைவசம் ஒரு சிறு குறிப்புப் புத்தகம் வைத்து, வண்டியில் பார்த்த ஒவ்வொரு வேலையையும் தேதியோடும் ஓடிய தூரத்தோடும் எழுதி வருவீர்களானால், எந்த ஊர்ப் பட்டறையிலும் அது உங்கள் சார்பில் பேசும். ஜாயிண்டில் கிரீஸ் ஏற்றும் துவாரம் இருப்பின், கையேடு கூறும் தவணை தவறாமல் நான்கு கிண்ணங்களிலிருந்தும் பழைய கிரீஸ் வெளிவரும்வரை ஏற்றுங்கள். மழைக்காலத்தில் தெருவில் தேங்கிய நீரில் வண்டி இறங்கி ஏறியிருந்தால், தவணைக்குக் காத்திராமல் உடனே அதனைச் செய்துவிடுங்கள்.